பிரஷ்லெஸ் மோட்டாரில் எந்தப் பிரஷ் இல்லை?

ரிமோட்டில் ஓடும், பெரிய டயர் வைத்த மான்ஸ்டர் டிரக் பொம்மை வண்டி வாங்கப் போனால் முதலில் எழும் கேள்வி, மோட்டார் ‘பிரஷ்டா, பிரஷ்லெஸ்ஸா?’, அதாவது பிரஷ் உள்ளதா, இல்லாததா என்பதுதான். விலையும் வேகமும் பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கின்றன. ஆனால் பிரஷ் எது?

மிக்ஸி ரிப்பேர் பார்ப்பவரிடம் கேட்டால் எடுத்தே காட்டிவிடுவார். விரல் நுனியளவில் கறுப்பான கரிக்கட்டி, பின்னால் ஒரு ஸ்பிரிங். அவர் அதைப் பிரஷ் என்றுகூடச் சொல்ல மாட்டார். ‘கார்பன் தேஞ்சிடுச்சு’ என்பார். நாரும் மயிரும் இல்லாத கட்டிக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?

1870களில் பெல்ஜியப் பொறியாளர் சேனோப் கிராம் செய்த டைனமோவில் இருந்தது நிஜமான பிரஷ்தான். செப்புக் கம்பிகளைக் கற்றையாகக் கட்டி, நுனி மட்டும் சுழலும் கம்யூட்டேட்டரில் (சுருளோடு சேர்ந்து சுற்றும் செப்புத் துண்டு வளையம்) படும்படி வைத்திருந்தார்கள். பிரெஞ்சில் அதற்கு ‘பலே’ என்று பெயர், அதாவது துடைப்பம். செம்போடு செம்பு உரசியதில் தீப்பொறியும் தேய்மானமும் அதிகம். 1885இல் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் கம்பிக்குப் பதில் கரியை வைக்கலாம் என்று காப்புரிமை பெற்றார். கம்பிக்கற்றை போயிற்று, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதே காலத்தில் டைனமோவால் பேர்பெற்ற அமெரிக்கர் ஒருவரின் பெயரே சார்லஸ் பிரஷ். அவருக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவில்லை.

நம் பாடநூல்கள் இதற்குத் தரும் சொல் ‘தூரிகை’. வடமொழி தூலிகாவின் வழிவந்தது. தூலம் என்றால் பஞ்சு. ஓவியர் கையில் இருக்க வேண்டிய பொருள். ‘தூரிகையற்ற மின்னோடி’ என்று படிக்கும் மாணவருக்கு உள்ளே என்ன இல்லை என்பது கடைசிவரை தெரியாது. மிக்ஸி கடைக்காரர் பேச்சிலேயே நல்ல சொல் கிடக்கிறது: தேய்கரி. தேய்வது, கரியானது, இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. ஆக, பிரஷ்லெஸ் என்பது தேய்கரியிலா மின்னோடி.

கரி இல்லாவிட்டால் அதன் வேலையை யார் செய்வது? சாதாரண மோட்டாரில் சுருள் சுழலும், காந்தம் நிலையாக நிற்கும். சுழலும் சுருளுக்கு மின்சாரம் தர கரியும், திசை மாற்ற கம்யூட்டேட்டரும் வேண்டும். பிரஷ்லெஸ்ஸில் அது தலைகீழ்: சுருள் நிற்கிறது, காந்தம் சுழல்கிறது. திசை மாற்றும் பொறுப்பு மின்னணு சுவிட்சுகளுக்கு. வில்சன், டிரிக்கி என்ற பொறியாளர்கள் 1962இல் விவரித்த வழி இது. டிரக்கில் அந்த சுவிட்சுகள் இருக்கும் பெட்டியைத்தான் இஎஸ்சி (எலெக்ட்ரானிக் ஸ்பீட் கண்ட்ரோலர்) என்கிறோம்.

1987இல் வந்த தாமியா கிளாட் பஸ்டர் என்ற ரிமோட் டிரக் அச்சுக்கு ஒன்றாக இரண்டு தேய்கரி மோட்டார்களோடு ஓடியது. டிராக்ஸாஸ் எக்ஸ்-மேக்ஸ் என்ற பிற்கால டிரக்குக்கு ஒரே பிரஷ்லெஸ் மோட்டார், 1200 கேவி. கேவி என்றதும் கிலோவோல்ட் என்று பதறவேண்டாம், ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற கணக்கு அது. 8எஸ் லிப்போவின், அதாவது எட்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரியின், 29.6 வோல்ட்டில், சுமை இல்லாதபோது, நிமிடத்துக்கு 35,520 சுற்று.

சேறும் தூசியும் புகுந்து கரியைத் தின்னும் கவலை இனி இல்லை. அதற்காக வண்டியே உழைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. மோட்டார் தப்பித்த அடி சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃப் (டிஃபரன்ஷியல்) பல்லுக்கும் டிரைவ் ஷாஃப்டுக்கும் போகும். குதித்து இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விடாமல் பிடித்தால், வேகமாகச் சுழலும் பெரிய டயர் தரையில் பட்டுச் சட்டென்று தடைபடும். அந்த அதிர்ச்சி முழுதும் பற்களில்தான் இறங்கும். கனமான டயருக்குக் கேவி குறைந்த மோட்டாரும் சின்ன பினியனும் (மோட்டார் அச்சில் மாட்டும் பற்சக்கரம்) போடுவதே என் கட்சி. சூடும் குறையும். சூடு மீறினால் காந்தம் வலுவிழக்கும், அப்புறம் அதற்கு ரிப்பேர் கிடையாது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெட்டியில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு மோட்டாரின் தடித்த வயர்களை எண்ணலாம். இரண்டு என்றால் தேய்கரி, மூன்று என்றால் பிரஷ்லெஸ். காந்தம் நிற்கும் இடத்தைச் சொல்லும் சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாராக இருந்து எதிர்ப்பக்கம் சுழன்றால், மூன்றில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகினால் போதும்.