போவதற்கும் நிற்பதற்கும் நடுவில்

குன்னூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். புதிதாகக் கற்பவர்களை விட, சமவெளியில் ஓட்டிப் பழகிவிட்டு வருபவர்களுக்குச் சொல்லித்தருவதுதான் எனக்குச் சிரமம். பர்லியார் இறக்கத்தில், வளைவுக்குக் கீழே பஸ்ஸின் மூக்கு தெரியும். "இடம் இருக்கு சார், போயிடலாம்" என்பார்கள். அந்த நேரத்தில் இடம் இருக்கும்தான். ஆனால் பஸ் ஒடித்து ஏறும்போது அதன் பின்பாகம் உள்பக்கமாக வெட்டி வரும். அப்போது இருக்காது.

இதை விளக்க நான் கார்ரெட் மார்கனைத் துணைக்கு அழைப்பேன். 1877இல் அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்த கறுப்பினத்தவர். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். தொடக்கப்பள்ளியோடு படிப்பு நின்றது. கிளீவ்லாந்தில் தையல் இயந்திரம் பழுதுபார்த்துப் பிழைத்தார்.

சிக்னலையே கண்டுபிடித்தவர் என்று இவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும். தவறு. அதே கிளீவ்லாந்தில் 1914லேயே மின்விளக்குச் சிக்னல் எரிந்தது. ஆனால் கையால் இயக்கும் சிக்னல்கள் பலவற்றில் 'போ', 'நில்' இரண்டுதான். சட்டென்று மாற்றினால் நடுச்சந்தியில் இருக்கும் வண்டியின் கதி? 1923 நவம்பர் 20இல் மார்கன் காப்புரிமை பெற்ற கம்பத்தில் மூன்றாவது நிலை ஒன்று உண்டு: நாலு பக்கமும் நிற்க வேண்டும், சந்தி காலியான பிறகே அடுத்தவருக்கு வழி. போக்குவரத்து குறைந்த இரவில் கம்பத்தின் கைகளைப் பாதி உயரத்தில் விட்டுவிடலாம். அதைப் பார்த்தால் எல்லோரும் கவனமாகக் கடக்க வேண்டும். எனக்கு இந்தப் பாதிக் கைதான் ரொம்பப் பிடிக்கும். பனிமூட்டம் இறங்கிய நம் சாலைக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது.

கல்லாறு முதல் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். எதிலும் கை தூக்க ஆளில்லை. ஏறுகிற வண்டிக்கே முதல் வழி என்பது சட்டம். ஆகவே இறங்குபவர் வளைவுக்கு முன்பே இரண்டாவது கியருக்கு வந்து, ஹாரன் அடித்து, தேவைப்பட்டால் நிற்க வேண்டும். நியூட்ரலில் இறங்கிப் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வரும். அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது.

அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, மாணவர்களை இந்தத் துறைக்கு ஈர்க்க 1997இல் தொடங்கிய திட்டத்துக்கு மார்கன் பெயரைத்தான் வைத்தது. நானும் சாலைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கப் பள்ளிகளுக்குப் போனால் அவர் கதையைச் சொல்வேன். போன முறை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "மலையில சிக்னலே இல்லையே சார், யாராவது செய்யக்கூடாதா?"

நீயே செய்யேன் என்றேன். டிப்ளமோ ஆட்டோமொபைல் படித்தால் மோட்டார் வாகன ஆய்வாளர் வேலைக்கு முயலலாம், சிவில் படித்தால் சாலைப் பணிக்குப் போகலாம் என்றும் சொன்னேன். அவன் காதில் விழுந்ததா தெரியவில்லை. நோட்டில் மும்முரமாக வரைந்துகொண்டிருந்தான். கீழே பஸ் வந்தால் மேலே எரியும் விளக்கு ஒன்று. பக்கத்திலேயே இன்னொன்று.

"இது எதுக்குடா?"

"யானைக்கு சார்."