விளையில் ஏத்தன் வாழை, மேட்டில் எந்த உரம், பள்ளத்தில் எந்த உரம்?

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம், திருவட்டாறு பக்கத்துச் சரிவு விளைகளில் (தோட்டங்களில்) மேலே உள்ள மண்ணும் கீழே உள்ள மண்ணும் ஒன்றல்ல. மழை சத்தை அரித்துக் கீழே சேர்க்கும். மேலே ஒரு உரம், கீழே வேறு உரம் போட்டு, கீழே குலை பெருத்தால் காரணம் உரமா, மண்ணா? அறுவடைக்குப் பின் எந்தக் கணக்காலும் இதைப் பிரிக்க முடியாது. நடும் முன்பே பிரித்து வைக்க வேண்டும். 1919இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர் வகுத்த வழி அதுதான்.

உரமுறை 4, தொகுதி (ஒத்த மண்ணுள்ள பாத்திகளின் கூட்டம்) 5 என்று வைப்போம். ஒரு தொகுதி முழுவதும் ஒரே உயரத்தில், சரிவுக்குக் குறுக்காக அமைய வேண்டும். மேலிருந்து கீழாக நீட்டினால் போச்சு. தொகுதிக்கு நான்கு பாத்தி. எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஒவ்வொரு தொகுதிக்கும் தனியாகச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். 'கலந்து வைத்தேன்' என்பது குலுக்கல் ஆகாது. பிடித்த உரத்துக்குக் கை தானாகவே நல்ல மண்ணைக் கொடுத்துவிடும். கன்றுகளை எடை பார்த்துப் பிரித்து, ஒத்த எடையுள்ளவற்றை ஒரே தொகுதியில் நட்டால் அந்த வேறுபாடும் தொகுதியோடு போய்விடும்.

பாத்திக்கு 25 வாழை, 2 மீட்டர் இடைவெளி. மொத்தம் 500 வாழைக்கு ஏறத்தாழ 50 சென்ட் ஆகும். பக்கத்துப் பாத்தி உரம் கசியும் என்பதால் வெளிவரிசை 16 வாழையும் காவலுக்கு. உள்ளே உள்ள 9 குலைகளை மட்டும் எடை போடலாம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: 9 குலை, 20 பாத்தி, ஆக 180 தரவு என்கிறார்கள். உரத்தைப் பாத்திக்குத்தான் குலுக்கிக் கொடுத்தோம். ஆகவே பாத்திக்கு ஒரு சராசரி, மொத்தம் 20 எண்கள். 180 என்று கணக்கிட்டால் இல்லாத வித்தியாசமும் இருப்பதாகக் காட்டும். ஒரு பாத்தி முழுவதும் காற்றில் சாய்ந்தால் பூஜ்யம் எழுதக்கூடாது. வெற்றாக விட்டு அதற்கான முறையில் கணக்கிட வேண்டும்.

இனி மாறுபாட்டுப் பகுப்பாய்வு. 20 எண்களின் மொத்தச் சிதறலை மூன்றாகப் பிரிக்கிறோம். புரிவதற்காக வைத்த எண்கள் இவை: தொகுதிக்கு 40, உரத்துக்கு 21, மீதி (பிழை) 18. கட்டின்மை எண்கள் (ஒவ்வொன்றிலும் தனித்து மாறக்கூடிய எண்களின் எண்ணிக்கை) முறையே 4, 3, 12. உரம்: 21/3 = 7. பிழை: 18/12 = 1.5. முதலாவதை இரண்டாவதால் வகுத்த விகிதம் F = 4.67. 5 சதவீத மட்டத்தில் (வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக F தாண்ட 5 சதவீத வாய்ப்பே உள்ள அளவு) அட்டவணை எல்லை 3.49, உரங்களுக்குள் வித்தியாசம் உண்டு எனலாம்.

தொகுதியே பிரிக்காமல், 20 பாத்திக்கும் மொத்தமாகக் குலுக்கியிருந்தால்? மண்ணின் 40 பெரும்பாலும் பிழையில் போய்ச் சேரும்: 58/16 = 3.6. F 1.93க்கு இறங்கும், எல்லையோ 3.24. அதே வாழை, அதே உரம், 'வித்தியாசம் இல்லை' என்று முடிவு வந்திருக்கும்.

எந்த உரம் மேல் என்பதை F சொல்லாது. நடும் முன்பே குறித்து வைத்த ஒரு இணையை ஒப்பிட, சராசரிகள் 1.69 கிலோவுக்கு மேல் விலகினால் போதும். எடை பார்த்த பிறகு பெரியதையும் சிறியதையும் பொறுக்கி எடுத்து ஒப்பிட்டால், எல்லா இணைகளையும் சேர்த்து ஒப்பிடும் டூக்கி முறைப்படி 2.3 கிலோ வேண்டும்.