மாத்திரை போட்டால் நோய் இல்லையென்று ஆகாது: வெளிநாடு செல்லும் பெற்றோரின் பயணக் காப்பீடு குறித்து

இருக்கும் நோயைப் பயணத்துக்கு முன் இல்லை என்று எழுதிக் கடிதம் கேட்டு இந்த ஆண்டில் எனக்கு வந்த மூன்றாவது அழைப்பு இது. சென்ற மாதம் இரவு பதினொரு மணிக்கு டெக்சாஸிலிருந்து என் நோயாளி ஒருவரின் மகள் பேசினார். பேறுகாலத்துக்குத் துணையாகச் சென்றிருந்த அறுபத்தெட்டு வயதுத் தாயாருக்கு அங்கே நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வைக்கப்பட்டு, நலமாக வீடு திரும்பிவிட்டார் என்பது நல்ல செய்தி. ஆனால் அழைப்பு அதற்காக வரவில்லை. "அம்மாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இங்கே வந்த பிறகுதான் தெரிய வந்தது என்று ஒரு கடிதம் தர முடியுமா, டாக்டர்?" என்று கேட்டார். அந்த அம்மையார் பதினொரு ஆண்டுகளாக என்னிடம் மருந்து வாங்குபவர். தர முடியாது என்றேன். மறுமுனையில் அழுகை கேட்டது. அதற்குப் பிறகு எனக்கும் உறக்கம் வரவில்லை.

நடந்தது இதுதான். விமானச் சீட்டு எடுத்துக்கொடுத்த முகவரே காப்பீட்டையும் சேர்த்து எடுத்துக்கொடுத்திருக்கிறார். காப்பீடு கேட்டு நிரப்பும் முன்மொழிவுப் படிவத்தில் நோய்களைப் பற்றிய கேள்விகள் அனைத்துக்கும் அவரே "இல்லை" என்று குறித்திருக்கிறார். அந்த அம்மையார் படிவத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பாலிசி மின்னஞ்சலில் வந்தது, மகள் அதைத் திறக்கவில்லை, மருத்துவமனை பில் வந்தபோதுதான் திறந்தார். படிவத்தில் சொல்லாத நோய் முன்பே இருந்தது என்று தெரிந்தால் நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். அதற்காகத்தான் அந்தக் கடிதம்.

முகவரை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர் கேட்டிருந்தாலும் பதில் "இல்லை" என்றுதான் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என் அறைக்கு வருபவர்களில் பலர், "உங்களுக்குச் சர்க்கரை நோய் உண்டா?" என்ற கேள்விக்கு, "இல்லை டாக்டர், மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று விடை சொல்கிறார்கள். அந்த ஒரே வாக்கியத்துக்குள் இருக்கும் முரண் அவர்களுக்குத் தெரிவதேயில்லை. ஆய்வகத் தாளில் தடித்த எழுத்தில் எந்த எண்ணும் இல்லையென்றால் நோயும் இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். காலையில் மாத்திரை போட்டுவிட்டு வந்தவருக்கு இரத்த அழுத்தம் 130/80 என்று நான் சொன்னால், "அப்படியானால் எனக்குப் பிரஷர் இல்லை" என்று மகிழ்ந்து எழுந்திருக்கிறார். ஐயா, அந்த எண் மாத்திரையின் எண். அதை ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தால் உங்களுடைய எண் என்னவென்று தெரியும், தயவுசெய்து நிறுத்திப் பார்க்காதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் அடைப்பு சரியாகிவிட்டது என்கிறார். பைபாஸ் செய்து பதினைந்து ஆண்டுகள் ஆனவர் அதைப் பழங்கதையாக நினைக்கிறார். தைராய்டு மாத்திரையை நோயின் கணக்கில் சேர்ப்பவர் ஒருவரைக்கூட நான் இதுவரை பார்க்கவில்லை. காப்பீட்டுப் படிவம் உங்கள் நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று மட்டும் கேட்பதில்லை. நோய் கண்டறியப்பட்டதா, அதற்கு மருந்து எடுக்கிறீர்களா, அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா என்று கேட்கிறது. நன்றாகக் கட்டுப்பட்ட சர்க்கரை நோய்க்கும் அங்கே "ஆம்" என்பதுதான் விடை.

சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று அடுத்து கேட்கிறார்கள். நீங்களே சொல்வீர்கள். அவசரப் பிரிவில் மருத்துவர் கேட்கும் முதல் சில கேள்விகளுள் பழைய நோய்களைப் பற்றிய கேள்வி ஒன்று. உயிர் பிழைக்க அதற்கு உண்மையைத்தான் சொல்ல வேண்டும், சொல்வீர்கள், அது அப்படியே மருத்துவக் குறிப்பில் ஏறும். இழப்பீடு கோரும்போது அந்தக் குறிப்புகளைப் பெற்றுக்கொள்ள நீங்களே ஒப்புதல் கையெழுத்தும் போடுவீர்கள். ஆண்டுக் கணக்கைச் சரியாகச் சொல்லுங்கள் என்றும் இந்த இடத்தில் கேட்டுக்கொள்கிறேன். மூன்று ஆண்டுகளாக இருக்கும் நோயைப் பேச்சுவாக்கில் "ஒரு பத்து வருஷமா" என்று சொல்வது நம் வழக்கம். எங்கள் தொழிலில் இளையவர்கள் அதை மறுகேள்வி கேட்காமல் எழுதிவிடுவதும் வழக்கம். அந்த "பத்து" பிறகு உங்களுக்கு எதிரான சான்றாக நிற்கும்.

2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்றை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி, இனிமேல் காப்பீட்டு நிறுவனங்கள் மறுக்கவே முடியாது என்று சிலர் எழுதியிருந்தார்கள். தீர்ப்பைப் படித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். 2009இல் அமெரிக்கா சென்ற ஒருவருக்கு சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் வியர்த்துச் சோர்வு ஏற்பட்டு, இதயக் குழாய் அடைப்பை விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து மூன்று ஸ்டென்ட்கள் வைக்கப்பட்டன. கொழுப்புக்கான ஸ்டாட்டின் மாத்திரை எடுத்ததை அவர் தெரிவிக்கவில்லை என்பதையும் காரணமாகக் காட்டி இழப்பீடு மறுக்கப்பட்டது. நீதிபதிகள் சந்திரசூட், நாகரத்னா ஆகியோர் அந்த மறுப்பைத் தள்ளுபடி செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது பயணத்துக்கு முன் நடந்த பரிசோதனையிலேயே பதிவாகியிருந்தது; அதை அறிந்தேதான் நிறுவனம் பாலிசி கொடுத்தது. நோய் தெரிந்து பாலிசி கொடுத்துவிட்டுப் பின்னர் அதையே காரணம் காட்டக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். நோயை மறைத்தவருக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை.

நோயைச் சொல்லிவிட்டால் எல்லாம் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். நம் நாட்டுப் பயணப் பாலிசிகள் பலவற்றில் ஏற்கெனவே உள்ள நோய்க்கான சிகிச்சை விலக்கப்பட்டிருக்கும், அல்லது உயிருக்கு ஆபத்தான நிலையில் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள் கிடைக்கும். அமெரிக்காவில் பார்வையாளர்களுக்கென விற்கப்படும் திட்டங்களில் ஏற்கெனவே உள்ள நோய் முன்னறிகுறியின்றித் திடீரென முற்றினால் மட்டும் என்ற சொற்றொடர் வரும். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குச் சென்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும், எழுபது வயதுக்கு மேல் தொகை குறையும் அல்லது அந்தச் சலுகையே இல்லாமற்போகும் என்ற நிபந்தனையும் உடன் இருக்கும். நம் தாய்மார்களின் இயல்போடு அந்த 24 மணி நேரம் எப்படி மோதுகிறது என்று பாருங்கள். நான் முதலில் சொன்ன அம்மையார் மூன்று நாட்கள் நெஞ்சுக்கரிப்பை வாயு என்று நினைத்து, ஓமத் தண்ணீர் குடித்து, பச்சை உடம்புக்காரியான மகளைக் கலங்க வைக்க வேண்டாம் என்று வாயே திறக்காமல் இருந்தார். படிவத்தைச் சரியாக நிரப்பி இப்படியொரு திட்டத்தை எடுத்திருந்தாலும் அவருடைய கோரிக்கை அந்த நிபந்தனையில் சிக்கியிருக்கும். பணத்தைப் பற்றிய கலக்கமெல்லாம் பிறகு. இதயத் தசைக்கு அந்த மூன்று நாட்கள் திரும்ப வராது.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். தூதரகம் தொகையைப் பார்த்து விசா கொடுத்துவிட்டதால் உங்கள் நோய்க்கும் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். விலக்குகளின் பக்கத்தை நீங்கள்தான் படிக்க வேண்டும். உள்ளூர் மருத்துவக் காப்பீடு கடல் தாண்டினால் பொதுவாகச் செல்லாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், ஆனால் கேட்கிறார்கள்.

படிவத்தை நீங்களோ பிள்ளைகளோ நிரப்புங்கள். முகவர் நிரப்பினால் அனுப்புவதற்கு முன் வரிவரியாகப் படியுங்கள். வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் மேசைமேல் பரப்பி, ஒவ்வோர் அட்டையும் எந்த நோய்க்கு என்று எழுதிய பிறகு "ஆம்", "இல்லை" குறியுங்கள். நிரப்பிய படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். தங்கப்போகும் காலம் முழுவதுக்கும் பாலிசி எடுங்கள். இடையில் முடிந்து புதிதாக எடுத்தால், முந்தைய காலத்தில் வந்த நோயும் புதிய பாலிசிக்கு ஏற்கெனவே உள்ள நோயாகிவிடக்கூடும். மருந்துகளைக் கைப்பையில் கொண்டு செல்லுங்கள், பெட்டியில் போடாதீர்கள். அங்கே மருந்து வாங்குவது எளிதன்று என்பதால் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு மிச்சம் பிடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குக் காப்பீடே கிடையாது.

அமெரிக்காவில் நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒருபக்கச் செயலிழப்பு என்றால் முதலில் அவசர உதவி எண் 911, அதன் பிறகு காப்பீட்டு உதவி எண். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளின் அவசரப் பிரிவும் பணம் கட்டும் வசதி பார்க்காமல் நோயாளியின் உடல்நிலையைச் சீராக்கியாக வேண்டும். பில் பின்னால் வரும், ஆனால் ஆள் இருப்பார்.

எல்லாவற்றையும் சொல்லி நம் நாட்டு நிறுவனத்தில் எடுத்த பாலிசியில் கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் ஏற்புடையதாக இல்லாவிட்டாலும் ஓராண்டுக்குள் காப்பீட்டு ஒம்பட்ஸ்மன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு, கட்டணம் இல்லை.

என்னிடம் கடிதம் வேண்டுமென்றால் பயணத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன் வாருங்கள். உங்கள் நோய்கள், அவை தொடங்கிய ஆண்டு, மருந்துகளின் வேதிப்பெயர், அளவு எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தருகிறேன். இருப்பதை இல்லை என்று எழுதும் கடிதத்துக்காக மட்டும் இரவில் அழைக்க வேண்டாம்.