முனைவர் பட்ட ஆய்வில் சேருமுன்: யுஜிசி விதிமுறையில் உங்களுக்காக எழுதப்பட்டிருப்பவை

முதுகலை முடிந்ததும் அடுத்து பிஎச்.டி.தான் என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அவர்கள் விண்ணப்பம் வாங்கும் முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆவதற்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2023 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்திய திருத்தத்தின்படி, முதுகலைப் பட்டத்துடன் நெட் (தேசியத் தகுதித் தேர்வு), செட், ஸ்லெட் (மாநிலத் தகுதித் தேர்வுகள்) ஆகியவற்றில் ஒன்றில் தேர்ச்சி பெற்றிருப்பதே அந்தப் பணிக்கான குறைந்தபட்சத் தகுதி. இணைப் பேராசிரியராக நேரடி நியமனம் பெறத்தான் முனைவர் பட்டம் வேண்டும். ஆகவே, ஆசிரியர் வேலை மட்டுமே உங்கள் நோக்கம் என்றால் முதலில் நெட் தேர்வுக்குப் படியுங்கள். ஒரு கேள்வி உங்களை விடாமல் துரத்துகிறது, அதற்காக ஐந்தாறு ஆண்டுகளைக் கொடுக்கவும் தயார் என்றால் ஆய்வுக்கு வாருங்கள்.

வருவதாக இருந்தால், மானியக் குழு 2022 நவம்பர் 7 அன்று அறிவித்த முனைவர் பட்ட ஒழுங்குமுறை விதிகளை ஒரு மாலை உட்கார்ந்து முழுதாகப் படித்துவிடுங்கள். சில பக்கங்கள்தான், மானியக் குழுவின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. ஆய்வு மாணவர்கள் பலர் சிக்கலில் மாட்டிய பிறகே அதைத் தேடி எடுக்கிறார்கள். அதற்குள் கைக்கு எட்டியிருக்க வேண்டிய வழிகள் சில அடைபட்டிருக்கும். மாணவருக்குச் சாதகமான பல வரிகள் அதில் இருக்கின்றன என்பதைச் சேரும்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

தகுதி எளிது. மூன்றாண்டு இளங்கலைக்குப் பின் இரண்டாண்டு முதுகலை, அல்லது நான்காண்டு இளங்கலைக்குப் பின் ஓராண்டு முதுகலை. இரண்டிலும் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். நான்காண்டு இளங்கலையில் 75 சதவீதம் எடுத்தவர்கள் முதுகலை இல்லாமலே விண்ணப்பிக்கலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வசதி வரம்புக்கு உட்பட்ட இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. எம்.ஃபில். இனி கிடையாது. அந்தப் படிப்பை நடத்தக் கூடாது என்று இதே விதிகள் நிறுத்திவிட்டன. யாராவது எம்.ஃபில். சேர்க்கை என்று விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சேர்க்கைக்கு இரண்டு வழிகள். ஒன்று, பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வு. வினாத்தாளில் பாதி ஆய்வு நெறிமுறை, பாதி உங்கள் பாடம். தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்ற கணக்கில் தரவரிசை. இன்னொன்று நெட். 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் முடிவு மூன்று பிரிவுகளாக வருகிறது. முதல் பிரிவினர் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் பணிக்கும் தகுதி பெறுகிறார்கள். ஆய்வில் சேர நேர்காணல் போதும். இரண்டாம் பிரிவுக்கு உதவிப் பேராசிரியர் தகுதியும் ஆய்வுச் சேர்க்கையும், மூன்றாம் பிரிவுக்கு ஆய்வுச் சேர்க்கை மட்டும். இந்த இரு பிரிவினருக்கும் நெட் மதிப்பெண் 70, நேர்காணல் 30 என்று கணக்கிடப்படும். சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். முடிவு வந்ததும் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் அந்த ஓராண்டு போய்விடும்.

நெறியாளர்: எல்லாவற்றையும் தீர்மானிக்கும் தேர்வு

எந்தப் பல்கலைக்கழகம் என்பதை விட, ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளர் யார் என்பதே உங்கள் அடுத்த சில ஆண்டுகளைத் தீர்மானிக்கும். விதிகள் இங்கே வெளிப்படையாகப் பேசுகின்றன. பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் நெறியாளராக இருக்கலாம். முனைவர் பட்டத்துடன், பேராசிரியரும் இணைப் பேராசிரியரும் மதிப்பாய்வு இதழ்களில் குறைந்தது ஐந்து கட்டுரைகளும், உதவிப் பேராசிரியர் மூன்று கட்டுரைகளும் வெளியிட்டிருக்க வேண்டும். ஓய்வு பெற மூன்றாண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிய மாணவரைச் சேர்க்கக் கூடாது.

ஓய்வு பற்றிய இந்த விதியை அற்பமாக நினைக்காதீர்கள். மூன்றரை ஆண்டுகளில் ஓய்வு பெறப்போகும் ஒருவரிடம் நீங்கள் சட்டப்படி சேர்ந்துவிட முடியும். ஆனால் ஆய்வு ஐந்தாண்டுக்கு நீண்டால், பாதி வழியில் அவர் இணை நெறியாளராக மாறிவிடுவார். முதன்மை நெறியாளராக வேறொருவர் வருவார். வருகிறவருக்கு உங்கள் தலைப்பில் ஈடுபாடு இருக்குமா என்பது அப்போதுதான் தெரியும். "ஐயா, உங்கள் ஓய்வு எந்த ஆண்டு?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேட்கத் தயக்கமாக இருந்தால் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

நெறியாளர்களின் பெயர், அவர்களிடம் பதிவு செய்த மாணவர்கள், தலைப்பு, சேர்ந்த தேதி ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் தன் இணையதளத்தில் வெளியிட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அந்தப் பட்டியலைத் தேடிப் பாருங்கள். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்களின் பெயர்கள் இன்னும் நீடித்தால், காரணத்தை அந்த மாணவர்களிடமே கேளுங்கள். பிறகு காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா தளத்துக்குப் போங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே திறந்த நிலையில் கிடைக்கின்றன. நெறியாளர் பெயரைக் கொண்டும் தேடலாம். அவரிடம் ஆய்வு செய்தவர்களின் இரண்டு ஆய்வேடுகளைப் புரட்டினாலே, அவர் மாணவரை எவ்வளவு தூரம் உழைக்க வைக்கிறார், எப்படித் திருத்துகிறார் என்பது புலப்பட்டுவிடும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. ஆனாலும் இதைச் செய்யாமல், ஊருக்குப் பக்கம், தெரிந்தவர் என்ற காரணங்களுக்காகச் சேர்ந்துவிட்டு வருந்துகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

பணம்

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு முதுநிலை ஆய்வாளராக 42,000 ரூபாய், மொத்தம் ஐந்தாண்டு வரை. 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தொகை இது. வீட்டு வாடகைப் படி தனி. இதற்கு வயது வரம்பு 30. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. இந்த வரம்பு உதவித்தொகைக்குத்தான்; முனைவர் பட்ட ஆய்வில் சேர மானியக் குழு விதிகளில் வயது வரம்பு இல்லை. நாற்பது வயதில் ஆய்வு செய்ய நினைக்கும் அம்மாக்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

நெட் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேருபவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் தரப்படுகிறது. விடுதிக் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்குமே அது சரியாகப் போய்விடும். பட்டியல் சாதியினருக்கும் இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் தனித்தனித் தேசிய உதவித்தொகைகள் உள்ளன. உடன்பிறந்தவர் இல்லாமல் வீட்டுக்கு ஒரே பிள்ளையாகப் பிறந்த பெண்களுக்கு சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே பெயரில் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் முழுநேர ஆய்வு செய்யும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு மாநில அரசின் ஆண்டு ஊக்கத்தொகையும் உண்டு. பல உதவிகள் முழுநேரப் பதிவுக்கு மட்டுமே. வருமானத்துக்காகப் பகுதிநேரத்தில் பதிவு செய்துவிட்டு, பிறகு உதவித்தொகை கேட்டால் கிடைக்காது. பகுதிநேரத்துக்கு வேலை செய்யும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். ஆய்வுக்கு நேரம் கிடைக்கும் என்றும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்கு (ஆய்வின் தொடக்கத்தில் படிக்க வேண்டிய பாடங்கள்) பணியிலிருந்து விடுவிப்போம் என்றும் அதில் எழுதியிருக்க வேண்டும்.

காலமும் பெண்களுக்கான சலுகையும்

குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறாண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு, ஆக எட்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேல் இன்னும் இரண்டாண்டு, ஆக மொத்தம் பத்து. மகப்பேறு மற்றும் குழந்தை வளர்ப்பு விடுப்பாக, ஆய்வுக் காலம் முழுவதிலும் சேர்த்து 240 நாள் வரை பெண்கள் பெறலாம். "குழந்தை பிறந்துவிட்டது, இனி எங்கே முடிக்கப்போகிறாய்" என்று வீட்டிலும் துறையிலும் கேட்பவர்களுக்கு இந்த வரிகளைக் காட்டலாம்.

இன்னொரு பிரிவும் இருக்கிறது; அது இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஒரு பெண் ஆய்வாளர் வேறு ஊருக்குப் போக நேர்ந்தால், அதுவரை செய்த ஆய்வுத் தரவுகளைப் புதிய பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் செல்ல அனுமதிக்க வேண்டும். இரண்டே நிபந்தனைகளை மனத்தில் வையுங்கள்: அந்த ஆய்வு நெறியாளருக்கோ நிறுவனத்துக்கோ நிதி நிறுவனம் வழங்கிய திட்டத்தின் பகுதியாக இருக்கக் கூடாது, பழைய நெறியாளருக்கும் நிறுவனத்துக்கும் உரிய நன்றியறிதல் இருக்க வேண்டும். மதுரையில் மூன்றாண்டு செய்த களப்பணியை, கோவைக்குத் திருமணமாகிப் போவதால் ஒரு பெண் விட்டுவிட வேண்டியதில்லை. இதை அறியாமல் ஆய்வைக் கைவிட்டவர்களின் உழைப்பை யாரும் திருப்பித் தர முடியாது. அதனால்தான் இதை உரக்கச் சொல்ல விரும்புகிறேன்.

சேர்ந்த பிறகு கோர்ஸ் ஒர்க்கில் குறைந்தது 12 கிரெடிட், அதில் 55 சதவீதம். ஆய்வு ஆலோசனைக் குழு முன் பருவத்துக்கு ஒருமுறை முன்னேற்றத்தை விளக்க வேண்டும். முன்னேற்றம் போதவில்லை என்றால் காரணத்தையும் திருத்த வழியையும் குழு பதிவு செய்ய வேண்டும். காரணம் சொல்லாமல் பதிவை ரத்து செய்ய இயலாது. வகுப்பெடுப்பது, ஆய்வகப் பணி, விடைத்தாள் மதிப்பீடு ஆகியவற்றுக்காக வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் உங்களுக்குப் பணி ஒதுக்கலாம் என்று விதி சொல்கிறது. நெறியாளரின் வீட்டு வேலை அந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிகள் நீக்கிவிட்டன. ஆனால் பல்கலைக்கழகம் தானாக அதைக் கேட்கலாம். ஆகவே உங்கள் பல்கலைக்கழகத்தின் ஒழுங்குமுறையைச் சேரும்போதே வாங்கிப் படியுங்கள். பணம் கொடுத்தால் ஒரு வாரத்தில் அச்சாகும் என்று சொல்லும் இதழ்களை நம்பாதீர்கள். 2018-ஆம் ஆண்டின் திருட்டு எழுத்துத் தடுப்பு விதிகளின்படி, மற்றவர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதத்தைத் தாண்டினால் திருத்தித் தரச் சொல்வார்கள். 60 சதவீதத்தைத் தாண்டினால் பதிவே ரத்து.

தொலைநிலையிலும் இணையவழியிலும் பெறும் முனைவர் பட்டத்துக்கு மானியக் குழுவின் அங்கீகாரம் இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பெயரோடு இங்குள்ள நிறுவனங்கள் விற்கும் பட்டங்களும் அப்படியே. விதிகளை மீறிப் பட்டம் வழங்கியதற்காக ராஜஸ்தானின் மூன்று தனியார் பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்ட மாணவரைச் சேர்க்க ஐந்து கல்வியாண்டுகளுக்கு மானியக் குழு 2025 ஜனவரியில் தடை விதித்தது. விதியை மீறித் தந்த பட்டம் நாளை வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்காது.

கடைசிக் கட்டமாக, ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாளிலிருந்து மதிப்பீடும் வாய்மொழித் தேர்வு முடிவும் உட்பட எல்லாம் ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. சமர்ப்பித்த தேதியிட்ட ஒப்புகையை வாங்கி வைத்திருங்கள். ஆறு மாதம் கடந்தும் தகவல் இல்லை என்றால், அந்த ஒப்புகையின் நகலை இணைத்துத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள்.