வால்மீன்: சொல்லும் பொருளும்

பனியும் தூசியும் பாறைத்துகளும் இறுகிச் சேர்ந்து, பெரும்பாலும் மிக நீண்ட நீள்வட்டப் பாதையில் சூரியனைச் சுற்றிவரும் சிறிய வான்பொருளே வால்மீன். சூரியனிலிருந்து தொலைவில் இருக்கும்போது அது பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலமுள்ள இருண்ட கட்டிதான். சூரியனை நெருங்கும்போது அதன் பனி நீராக உருகாமல் நேரே ஆவியாகி, தூசியையும் உடன் கொண்டு வெளியேறி, உட்கரு எனப்படும் அந்தக் கட்டியைச் சுற்றி ஒளிமூட்டமாகப் பரவுகிறது. அதிலிருந்தே வால் உருவாகிறது. ஓடும் விலங்கின் வாலைப் போல அது எப்போதும் பின்னால் வரும் என்று கருதுவது தவறு. வால் சூரியனுக்கு எதிர்த்திசையில் நீள்வதால், சூரியனைச் சுற்றிவிட்டு விலகிச் செல்லும் வால்மீனுக்கு வாலே முன்னே செல்கிறது. உண்மையில் வால்கள் இரண்டு: சூரிய ஒளியின் அழுத்தத்தால் தள்ளப்பட்டுச் சற்றே வளைந்திருப்பது தூசி வால், சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்றால் நேராக நீண்டு நீலமாகத் தெரிவது, மின்னூட்டம் பெற்ற வாயுவாலான அயனி வால்.

ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'காமெட்' என்ற பெயர், கூந்தலைக் குறிக்கும் 'கோமே' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. நீண்ட கூந்தலையுடையது என்பது அதன் பொருள். உட்கருவைச் சூழும் ஒளிமூட்டத்தை 'கோமா' என்பதும் அதே வேரிலிருந்து வந்த வழக்கே. சீனர்கள் துடைப்பத்தைக் கண்டு, துடைப்ப விண்மீன் என்றார்கள். வடமொழியில் தூமகேது: தூமம் புகை, கேது கொடி. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் வரும் 'கரியவன் புகையினும் புகைக்கொடி தோன்றினும்' என்ற அடியில் உள்ள புகைக்கொடி, தூமகேதுவுக்கு உறுப்புக்கு உறுப்பு பொருந்திய தமிழ்ப்பெயர். கரியவனாகிய சனி புகைந்தாலும், புகைக்கொடி எழுந்தாலும் காவிரியின் புதுப்புனல் பொய்க்காது என்பதே அங்குள்ள கருத்து. அதைச் சொல்லவேண்டியிருந்தது என்பதிலிருந்தே, வால்மீன் தோன்றினால் மழை பொய்க்கும் என்ற அச்சம் அன்று எவ்வளவு ஆழமாக இருந்தது என்பது விளங்கும்.

இந்த அச்சம் வேறு பல நாடுகளிலும் இருந்தது. அரிஸ்டாட்டில் வால்மீன்களைக் காற்றுமண்டல நிகழ்ச்சி என்றே கருதினார். 1577இல் தோன்றிய வால்மீனை அளந்த டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகேதான் அது நிலவைவிடத் தொலைவில் உள்ளது என்று காட்டினார். 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் வந்தது ஒன்றே என்று கணித்த ஆங்கிலேய வானியலாளர் எட்மண்ட் ஹாலி, 1758இல் அது மீண்டும் வரும் என்றார். அவர் 1742இல் மறைந்தார். வால்மீன் சொன்ன ஆண்டின் டிசம்பரில் கண்ணுக்குப் பட்டது. சகுனமாக இருந்த ஒன்று, நாள் குறித்து எதிர்பார்க்கத்தக்கதாக மாறியது அப்போதுதான். ஆயினும் 1910இல், அதே வால்மீனின் வாலில் நச்சு வாயு இருக்கிறது என்ற செய்தி பரவியதும் மக்கள் நடுங்கினர். வால் அவ்வளவு மெலிதானது என்பதால் பூமிக்கு எதுவும் நேரவில்லை.

இன்று தமிழில் வால்நட்சத்திரம், வால்வெள்ளி, வால்மீன் என மூன்று சொற்கள் வழங்குகின்றன. முதலாவது பேச்சில் வேரூன்றியது. ஆனால் தானே எரிந்து ஒளிரும் நட்சத்திரத்தோடு இப்பொருளுக்கு உறவில்லை. வால்வெள்ளி அழகிய சொல்லே. எனினும் வெள்ளி என்பது ஒரு கோளின் பெயராகவும் நிலைத்துவிட்டது. மீன் என்றாலும் நட்சத்திரம்தானே என்று சிலர் கேட்கக்கூடும். பழந்தமிழில் அப்படி இல்லை: பட்டினப்பாலை நாண்மீன்களோடு கோண்மீனையும் சொல்கிறது, முன்னது நட்சத்திரம், பின்னது கோள். வானில் ஒளிர்வது எதுவாயினும் மீன் என்ற இந்தப் பரந்த பொருளே, வால்மீன் என்பதைக் கலைச்சொல்லாகப் பொருத்தமாக்குகிறது.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். நாள்மீன் நாண்மீன் ஆனதுபோல, சொற்கள் சேரும்போது எழுத்து மாறும் புணர்ச்சி விதிப்படி வால்மீன் 'வான்மீன்' ஆகும். அது வானத்து மீன் என்று பொருள்பட்டு விண்மீனையே குறித்துவிடும். ஆகவே இச்சொல்லை மட்டும் புணர்க்காமல், லகர ஒற்றோடு வால்மீன் என்றே எழுதுவது தெளிவு.