கேஸ் எங்கே போகும்?

போன ஏப்ரலில் ஒரு நாள் காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால் பால் பாக்கெட் வெதுவெதுவென்று இருந்தது. முந்தின நாள் அரைத்து வைத்த இட்லி மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடித் தட்டில் வழிந்திருந்தது. மேலே ஃப்ரீசரைத் திறந்து பார்த்தேன். ஐஸ் தட்டில் ஐஸ் கல்லாக இருந்தது. மெக்கானிக்கை வரச் சொன்னோம். வந்தவர் பின்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார், கம்ப்ரஸர் மேல் கையை வைத்தார், "கேஸ் போயிடுச்சு சார், ஃபுல் சார்ஜ் பண்ணணும்" என்றார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்.

ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடுவது போல ஃப்ரிட்ஜுக்கும் சில வருடங்களுக்கு ஒருமுறை கேஸ் போட வேண்டும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உள்ளே இருக்கும் கேஸ் எரிவதில்லை, செலவாவதில்லை, பழசாகிக் கெட்டுப்போவதும் இல்லை. தொழிற்சாலையில் அடைத்த அதே கேஸ்தான் பதினைந்து வருடம் கழித்தும் அதே குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருக்கும். அது குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. வேறு வழியே இல்லை.

இந்தக் கேஸ் என்ன செய்கிறது என்று பார்க்க ஃப்ரிட்ஜைப் பிரிக்க வேண்டாம். கூட்டம் மொய்க்கும் நேரத்தில் ஒரு டீக்கடைக்கோ பிரியாணிக் கடைக்கோ போய் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சிலிண்டரைப் பாருங்கள். அடிப்பாகம் வியர்த்து, சில சமயம் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். அதைத் தண்ணீர் அண்டாவில் நிறுத்தி வைத்திருப்பவர்களும் உண்டு. சிலிண்டருக்குள் இருப்பது திரவம். அடுப்பு கேஸை இழுக்க இழுக்க அந்தத் திரவம் கொதித்து ஆவியாகிறது. கொதிக்க வெப்பம் வேண்டும். சிலிண்டரின் இரும்பிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் அதை உறிஞ்சிக்கொள்கிறது, இரும்பு சில்லிட்டுப்போகிறது. அண்டாத் தண்ணீர் அந்த வெப்பத்தைக் கொடுக்கத்தான்.

ஃப்ரிட்ஜுக்குள் நடப்பதும் இதேதான். கேஸும் கிட்டத்தட்ட அதே குடும்பம். இன்று விற்கும் வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலானவற்றின் ஸ்டிக்கரில் ஆர் 600ஏ என்று போட்டிருக்கும். அதன் பெயர் ஐசோபியூட்டேன், சமையல் கேஸில் இருக்கும் பியூட்டேனின் உடன்பிறப்பு. சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 11.7 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரு வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் அது வெறும் 30 முதல் 80 கிராம் வரைதான் இருக்கும். உங்கள் ஃப்ரிட்ஜில் எத்தனை கிராம் என்பதும் அதே ஸ்டிக்கரில் இருக்கிறது.

தீப்பிடிக்கும் கேஸை ஏன் வைத்தார்கள் என்று கேட்கலாம். முன்பு இருந்தவை இதைவிட மோசம். 1920களில் அமோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு என்று எல்லாம் நஞ்சு. பெர்லினில் ஒரு குடும்பம் ஃப்ரிட்ஜில் கசிந்த கேஸால் தூக்கத்திலேயே இறந்த செய்தியைப் படித்துத்தான் ஐன்ஸ்டைனும் இயற்பியலாளர் லியோ சிலார்டும் சேர்ந்து, அசையும் பாகமே இல்லாத ஒரு ஃப்ரிட்ஜை வடிவமைத்தார்கள் என்பார்கள். அதற்கு 1930இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது நஞ்சும் இல்லாத, தீயும் பிடிக்காத ஃப்ரியான். அது ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று தெரிந்து, 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தோடு அதற்கும் முடிவு கட்டினார்கள்.

சரி, சுற்றுக்கு வருவோம். கம்ப்ரஸர் கேஸை அழுத்துகிறது. அழுத்தினால் சூடாகும், சைக்கிள் பம்ப் சூடாவது போல. சூடான கேஸ் கண்டென்ஸர் குழாய்க்குள் ஓடி, வெப்பத்தை அறைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. அப்புறம் கேப்பிலரி என்ற, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளையுள்ள செம்புக் குழாய் வழியாக நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. மறுமுனையில் அழுத்தம் சட்டென்று விழ, கூலிங் காயிலுக்குள் கொதித்து, உள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கம்ப்ரஸருக்கு. ஆக ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியைத் தயாரிப்பதில்லை. உள்ளே உள்ள வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். வெக்கைக்கு ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் சமையலறை இன்னும் சூடாகத்தான் ஆகும்.

இப்போது எங்கள் வீட்டு வழக்கு. எனக்குச் சந்தேகம் தீரவில்லை என்பதால் தெருமுனையில் பழைய ஃப்ரிட்ஜ்களைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் முதலில் திறந்தது ஃப்ரீசரைத்தான். "ஐஸ் கல்லா இருக்கே தம்பி. கேஸ் போயிருந்தா மொதல்ல இதுதானே சாகணும்?"

இரட்டைக் கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் மேலுக்கும் கீழுக்கும் சேர்த்து ஒரே ஒரு கூலிங் காயில்தான். அது ஃப்ரீசரின் பின்சுவருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அங்கே ஒரு சின்ன ஃபேன் குளிர்ந்த காற்றைத் தள்ளுகிறது. பெரும்பகுதி ஃப்ரீசருக்கு, மிச்சம் ஒரு குழல் வழியாகக் கீழே. மேலே குளிர்ச்சி இருந்து கீழே இல்லையென்றால், குளிர் உற்பத்தியாகிறது, வந்து சேரவில்லை என்று பொருள். கேஸைச் சந்தேகிக்கும் முன் காற்றைச் சந்தேகிக்க வேண்டும்.

பெரியவர் பின்சுவர்த் தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றி இழுத்தார். வரவில்லை. உள்ளேயிருந்து பனி பிடித்துவைத்திருந்தது. வீட்டிலிருந்த ஹேர் டிரையரை வாங்கி, தள்ளிப் பிடித்து, கால் மணி நேரம் காட்டினார். தகடு கையோடு வந்தது. சீப்புப் பற்கள் போல அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கிய காயில் அங்கே இருக்க வேண்டும். ஒரு பல்கூடத் தெரியவில்லை. சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளைப் பாளம், ஃபேனின் இறக்கை வரைக்கும். காற்று போக ஊசி நுழையும் சந்துகூட இல்லை.

பனி எங்கிருந்து வருகிறது? நம் காற்றிலிருந்துதான். சென்னை போன்ற கடற்கரை ஊரில் 32 டிகிரி வெயிலும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 25 கிராம் நீராவி இருக்கும். 250 லிட்டர் ஃப்ரிட்ஜ் என்றால் கால் கன மீட்டர். கதவை ஆற அமரத் திறந்து வைத்து உள்காற்று முழுக்க மாறிவிட்டால், ஒவ்வொரு தடவையும் ஒரு டீஸ்பூனுக்கு மேல் தண்ணீரை உள்ளே விடுகிறோம். அவ்வளவும் கடைசியில் காயிலில் போய்ப் பனியாக ஒட்டும். கெட்டிப் பனிக்கட்டியே வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியத்தைவிட நூறு மடங்கு மட்டம். காற்றுக்குமிழி நிறைந்த வெண்பனி அதைவிடவும் மோசம். காயிலுக்குக் கம்பளி போர்த்தினது மாதிரி.

ஃப்ராஸ்ட் ஃப்ரீ என்பதால் பனியே பிடிக்காது என்று அர்த்தம் இல்லை. பிடிக்கும், அதை அதுவே உருக்கிக்கொள்ளும். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டைமரோ சர்க்யூட் போர்டோ கம்ப்ரஸரை நிறுத்தி, காயிலுக்கு அடியில் உள்ள ஹீட்டரை அரை மணி நேரம் போலப் போடும். போதுமான சூடு வந்ததும் பைமெட்டல் என்ற வெப்பச் சுவிட்ச் அல்லது சென்சார் அதை அணைத்துவிடும். அதுவும் தவறினால் தெர்மல் ஃபியூஸ் எரிந்து காப்பாற்றும். பெரியவர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். ஹீட்டர் நன்றாக இருந்தது. ஃபியூஸில் பீப் வரவில்லை, அதாவது அது எரிந்துபோயிருந்தது. மாத்திரை அளவு சாமான். அதை மாற்றினார், பைமெட்டல் மேலும் நம்பிக்கையில்லை என்று அதையும் சேர்த்து மாற்றினார். மொத்தச் செலவு, முதலில் வந்தவர் கேஸுக்குக் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கருவி எதுவும் இல்லாமல் நாமே இதைக் கண்டுபிடிக்கலாம். பொருட்களை எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, இரண்டு கதவையும் திறந்து ஒரு நாள் முழுக்க விடுங்கள். தரையில் துணி போட்டுவைப்பது நல்லது. மறுநாள் போட்டதும் நன்றாகக் குளிர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் பழையபடி கீழே மட்டும் சூடானால், பனி உருக்கும் பகுதியில்தான் கோளாறு. கேஸ் பேச்சை எடுப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

உருகிய தண்ணீர் ஒரு துளை வழியாக இறங்கி, பின்பக்கம் கம்ப்ரஸர் மேல் இருக்கும் தட்டில் சேர்ந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகும். துளையில் அழுக்கோ பனியோ அடைத்தால் தண்ணீர் வழி மாறிக் காய்கறி டிரேக்கு அடியில் குளம் கட்டும். ஊசியில்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து இரண்டு மூன்று முறை பீய்ச்சினால் திறந்துவிடும். பின்பக்கத் தட்டைத்தான் நாம் மறந்தே போகிறோம். டெங்கு காலத்தில் மாநகராட்சி ஆட்கள் வந்தால் தண்ணீர்த் தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டையோடு அதையும் பார்ப்பார்கள். நல்ல தண்ணீர், நிழல், யாரும் தொடாத இடம். ஏடிஸ் கொசுவுக்கு வேறென்ன வேண்டும்? முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பதால் வாரம் ஒருமுறை கழுவிக் கவிழ்க்க வேண்டும்.

கதவு ரப்பரை, அதாவது கேஸ்கட்டை, ஒரு ரூபாய் நோட்டு வைத்துச் சோதிக்கலாம். நோட்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். பிடித்து இழுக்க வேண்டும், வழுக்கிக்கொண்டு வரக் கூடாது. மடிப்பில் சேரும் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தாலே பாதி ரப்பர்கள் சரியாகிவிடும்.

பக்கவாட்டுச் சுவர் சுடுகிறது என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். இப்போதைய மாடல்களில் கண்டென்ஸர் குழாய் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகிறது, சுட்டால்தான் வேலை செய்கிறது. அந்தச் சூடு வெளியேறப் பக்கத்திலும் பின்னாலும் இடம் விடாமல் சுவரோடு ஒட்டி வைத்தால்தான் தொல்லை. ஸ்டிக்கரில் காலநிலை வகை என்று ஒரு எழுத்தும் இருக்கும். "டி" என்றால் 43 டிகிரி வரை தாங்கும்படி செய்தது, "எஸ்டி" என்றால் 38 வரை. வேலூரிலோ திருச்சியிலோ மே மாதம் "எஸ்டி" ஃப்ரிட்ஜ் மூச்சு வாங்குகிறது என்றால் அதன் மேல் குற்றம் இல்லை.

கரண்ட் போய் உடனே வந்ததும் "டிக்" என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் மௌனம், மறுபடி "டிக்". கம்ப்ரஸர் கிளம்ப முயல்கிறது, ஓவர்லோடு என்ற பாதுகாப்பு சுவிட்ச் அதைத் துண்டிக்கிறது. குழாயின் இரு பக்க அழுத்தமும் சமமாகச் சில நிமிடம் ஆகும். அதற்குள் கிளப்பினால் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கும். அதனால் ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். அப்படியும் நாள் முழுக்க டிக் டிக் என்றால் கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலேயையோ வோல்டேஜையோ பார்க்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஃப்ரீசர் குளிரவில்லை, கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுகிறது, பக்கச் சுவரும் சுடவில்லை என்றால், கேஸ் உண்மையிலேயே போயிருக்கலாம். அப்போதும் "டாப் அப்" என்று ஒன்று கிடையாது. ஃப்ரீசர் மைனஸ் 18இல் இருக்க வேண்டுமானால் காயிலுக்குள் கேஸ் அதற்கும் கீழே கொதிக்க வேண்டும். ஐசோபியூட்டேன் அப்படிக் கொதிக்க, காயிலின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாக இருந்தாக வேண்டும். ஆகவே அந்தப் பக்கம் ஓட்டை விழுந்தால், ஓடும்போது கேஸ் வெளியே போவதைவிட ஈரக் காற்று உள்ளே இழுபடும். அந்த ஈரம் கேப்பிலரியின் வாயில் பனியாகி அடைக்கும். ஓட்டையை அடைத்து, ஃபில்டரை மாற்றி, வேக்குவம் பம்ப் போட்டு உள்காற்றை முழுக்க எடுத்து, டிஜிட்டல் தராசில் கிராம் கணக்காக நிறுத்துக் கேஸ் விட வேண்டும். வருபவரின் பையில் பம்பும் தராசும் இல்லையென்றால் வாசலோடு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் கேஸ் நிஜமாகவே போனது ஒரே ஒரு முறைதான். ஒற்றைக் கதவு காலத்தில், உறைந்து ஒட்டிக்கொண்ட மீன் பொட்டலத்தை அம்மா தோசைத் திருப்பியால் நெம்பினார். அந்த ஃப்ரிட்ஜ்களில் ஃப்ரீசர் பெட்டியின் மெல்லிய அலுமினியத் தகட்டுக்குள்ளேயே கேஸ் ஓடும் வழி இருக்கும். "ஸ்ஸ்" என்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். மீன் கடைசிவரை பிரிந்து வரவில்லை. மறுநாள் தானாக உருகி வந்தது. அந்த ஃப்ரிட்ஜ் இன்னும் ஊரில் இருக்கிறது. எறும்பு ஏறாது என்று அம்மா அதில் பருப்பு டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறார்.