மூன்றாவது பெட்டி எங்கே?

"எலும்பு எங்கே டாக்டர்?" வளர்ப்பு ஓணானின் எக்ஸ்ரே படத்தைக் காட்டும்போது பலர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்பு, சதையோடு சேர்ந்து ஒரே சாம்பல் நிறமாகக் கிடக்கும். தாடையை மெதுவாக அழுத்தினால் ரப்பர் மாதிரி வளையும். விரல்கள் தானாகத் துடிக்கும். சில ஓணான்கள் வயிற்றைத் தரையிலிருந்து தூக்கவே முடியாமல் கிடக்கும். மெட்டபாலிக் போன் டிசீஸ் என்கிற இந்த எலும்பு நோய்தான், பூச்சி தின்னும் ஊர்வன என் மேஜைக்கு வருவதற்கு முக்கியமான காரணம்.

"தினமும் வயிறு நிறையத்தான் கொடுக்கிறேன், அதுவும் வீட்டிலேயே வளர்த்த பூச்சி" என்பார்கள். பொய் இல்லை. ஓணான் பட்டினி கிடக்கவில்லை. அதற்குப் போன பூச்சிதான் பட்டினி கிடந்தது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தீனிக்காக வளர்க்கப்படும் கிரிக்கெட் பூச்சியை நம்மில் பலர் சில்வண்டு என்கிறோம். மரத்தில் உட்கார்ந்து காதைத் துளைக்கும் சிக்காடாவுக்கும் அதே பெயர்தான். நான் சொல்வது சுவர்க்கோழியை. சந்தையில் நெடுங்காலமாக இருக்கும் வகை அக்கீட்டா டொமெஸ்டிகஸ். கறுப்பாகப் பருத்திருப்பது கிரில்லஸ் பைமாகுலேட்டஸ். உடலில் பட்டைக் கோடுகள் கொண்டது கிரில்லோடஸ் சிகில்லேட்டஸ்.

இந்தக் கடைசி வகை பரவியதற்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்கிறது. அக்கீட்டாவைத் தாக்கும் டென்சோவைரஸ் 1977இலேயே ஐரோப்பியப் பண்ணைப் பூச்சிகளில் கண்டறியப்பட்டது. 2009ஐ ஒட்டி வட அமெரிக்காவில் பெரிய பெரிய பண்ணைகளையே காலி செய்தது. அதன் பிறகுதான் பலர் இந்தப் பட்டைக் கோடு வகைக்கு மாறினார்கள். வளர்ந்த பூச்சிகள் மல்லாந்து காலை உதைத்தபடி கூட்டமாகச் சாகும். மருந்து கிடையாது. முதுகெலும்புள்ள பிராணிகளை இது தாக்குவதாகத் தெரியவில்லை, ஆனால் உங்கள் பூச்சிக் கூட்டம் போய்விடும். அதனால்தான் புதிதாக வாங்கும் பூச்சிகளை நேரே பழைய பெட்டியில் கொட்டாதீர்கள் என்கிறேன். இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்துப் பாருங்கள்.

வீட்டில் பூச்சி வளர்ப்பதை நான் தடுப்பதில்லை, வளர்க்கத்தான் சொல்கிறேன். தோட்டத்தில் பிடித்த பூச்சியில் பூச்சிக்கொல்லி இருக்கலாம். ஒட்டுண்ணி இருக்கலாம். மின்மினி கலந்துவிட்டால் இன்னும் மோசம். சில மின்மினி வகைகளின் நஞ்சு இதயத்தைத் தாக்குவது. ஒன்றைத் தின்றே ஓணான்கள் செத்திருக்கின்றன.

வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. வழவழப்பான உயரமான பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் பெரிய ஓட்டை, அதில் உலோகக் கம்பி வலை. பிளாஸ்டிக் வலையை ஒரே இரவில் கடித்துத் திறந்துவிடும். உள்ளே காகித முட்டை அட்டைகளை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள், எச்சம் தானாக அடியில் விழும். வெப்பம் 30 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். ஹீட் மேட் (சூடு தரும் மின் விரிப்பு) வைத்தால், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வைக்க வேண்டாம். காய்ந்த அட்டை நிறைந்த பெட்டி அது. தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் மூழ்கிச் சாகும், நனைத்த ஸ்பாஞ்ச் போதும். அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். பெட்டியைத் திறந்ததும் அமோனியா நெடி மூக்கில் ஏறினால் சுத்தம் செய்வதில் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது.

பாடுவது ஆண். காலைத் தேய்த்து அல்ல, முன் இறக்கைகளை உரசித்தான் அந்தச் சத்தம். பின்பக்கம் ஊசிபோல் ஒரு குழல் நீண்டிருந்தால் பெண். ஈரமான கோகோபீட்டை (தேங்காய் நார்க் கழிவுத் தூள்) நாலைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு டப்பாவில் நிரப்பி, மேலே வலை போட்டு உள்ளே வையுங்கள். பெண் பூச்சி வலை வழியாகக் குழலை இறக்கி முட்டையிடும். வலை இல்லாவிட்டால் மற்றவை தோண்டித் தின்றுவிடும். டப்பாவைச் சில நாளில் எடுத்து இரண்டாவது பெட்டிக்கு மாற்றி, காயாமல் பார்த்துக்கொண்டால் 30 டிகிரியில் 10 முதல் 13 நாளில் எள்ளைவிடச் சின்னதாகக் குஞ்சுகள் வரும். வெப்பம் குறைந்தால் வாரக்கணக்கில் இழுக்கும். எட்டு பத்து முறை தோலுரித்து ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வளர்ந்துவிடும். தோலுரித்த கையோடு வெள்ளையாக, மெத்தென்று இருப்பவற்றை மற்றவை தின்னும். அது அதிகமாக நடந்தால் புரதமோ தண்ணீரோ போதவில்லை, அல்லது நெரிசல்.

ஆக இரண்டு பெட்டி: ஒன்று இனப்பெருக்கத்துக்கு, ஒன்று குஞ்சுக்கு. பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் கேட்பது மூன்றாவது பெட்டியை.

சுவர்க்கோழிக்கு எலும்பு கிடையாது, அதனால் உடலில் கால்சியமும் மிகக் குறைவு. பாஸ்பரஸ் அதைவிடப் பல மடங்கு அதிகம். ஓணானுக்கோ இரண்டும் குறைந்தது சரிக்குச் சரியாக வேண்டும். கால்சியம் இரண்டு பங்கும் பாஸ்பரஸ் ஒரு பங்குமாக இருந்தால் நல்லது. உணவில் கிடைக்காததை உடல் எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். மாதக்கணக்கில் உருவினால் நான் காட்டும் அந்த எக்ஸ்ரே.

பூச்சியின் உடம்பை நம்மால் மாற்ற முடியாது. குடலை மாற்றலாம். மூன்றாவது பெட்டி அதற்குத்தான். கொடுக்கப்போகும் பூச்சிகளை இரண்டு நாள் முன்பே பிரித்து அதில் போட்டு, கால்சியம் நிறைந்த தீனி மட்டும் வைக்க வேண்டும். எடையில் 8 சதவீதமாவது கால்சியம் உள்ள, பொடியாக அரைத்த தீனி. கூடவே தண்ணீர். பல வீடுகளில் இந்தப் பெட்டியிலும் ஒரு கேரட் துண்டு கிடக்கிறது. பூச்சி கேரட்டையே தின்று தாகமும் தீர்த்துக்கொண்டு பொடியைத் தொடாது. பெட்டி குளிர்ந்த இடத்தில் இருந்தாலும் தின்னாது. வெப்பம் இங்கேயும் வேண்டும்.

"அப்படியானால் எல்லாப் பெட்டிக்கும் இதே தீனியைப் போட்டுவிடலாமே?" என்று ஒருவர் கேட்டார். செய்தும் பார்த்திருந்தார். பாதிப் பூச்சி செத்துப்போனது. இவ்வளவு கால்சியத்தைப் பூச்சியால் நெடுநாள் தாங்க முடியாது. இரண்டு மூன்று நாள்தான் கணக்கு. வளர்க்கும் தீனி வேறு, ஊட்டும் தீனி வேறு.

இதற்கு மேல்தான் பவுடர். ஒரு டப்பாவில் பூச்சியையும் கால்சியம் பவுடரையும் போட்டுக் குலுக்கி உடனே கொடுங்கள். காலையில் தூவி வைத்துச் சாயங்காலம் கொடுப்பதில் பயனில்லை, பூச்சி தன் உடம்பைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். அப்புறம், எவ்வளவு கால்சியம் போனாலும் அதை உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும். பகலில் வெயில் காயும் ஓணான் வகைகளுக்கு அது வெயிலில் இருக்கும் யுவிபி என்ற புற ஊதா ஒளியால் தோலில் உருவாவது. ஜன்னல் கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும். வெயிலுக்குப் பதிலாகக் கூண்டில் போடும் யுவிபி பல்பு எரிந்தாலும் அதன் யுவிபி மாதங்கள் ஆக ஆகக் குறையும். டி3 கலந்த பவுடரை அளவில்லாமல் போடுவதும் ஆபத்துதான். உங்கள் பிராணிக்கான அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சியின் நீளம் பிராணியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட தூரத்தைத் தாண்டக் கூடாது. கால் மணி நேரத்தில் தின்னாததை வெளியே எடுத்துவிடுங்கள். பசித்த சுவர்க்கோழி தூங்கும் பல்லியின் விரலையும் இமையையும் கொறிக்கும். கொறிபட்ட வால் நுனிகளுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன்.

எடுத்த பூச்சியை எங்கே போடுவது? இங்கேதான் அடுத்த தவறு. வீணாக்க மனம் வராமல் மறுபடி இனப்பெருக்கப் பெட்டியில் விடுவார்கள். கூண்டில் எச்சத்தின் மேல் ஊர்ந்த பூச்சி, காக்சிடியா போன்ற குடல் ஒட்டுண்ணிக் கிருமிகளைச் சுமந்துகொண்டு அங்கே போய்ச் சேரும். மருந்து கொடுத்து முடித்த ஓணான் ஒரு மாதத்தில் அதே வயிற்றுப்போக்கோடு திரும்பி வந்தால் இதைத்தான் முதலில் விசாரிப்பேன். மிஞ்சியவற்றை ஒரு டப்பாவில் மூடி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். வெளியே திறந்து விட வேண்டாம், உங்கள் மண்ணுக்குச் சொந்தமில்லாத வகையாக இருக்கலாம்.

கடைசியாக உங்களுக்கும் ஒன்று. இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் சுவர்க்கோழியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இரண்டிலும் ட்ரோபோமையோசின் என்ற புரதம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. பெட்டியைத் துடைக்கும்போது பறக்கும் தூள் தும்மலில் தொடங்கி மூச்சிழுப்பு வரை போகலாம். மாஸ்க் போட்டுக்கொண்டு, படுக்கையறைக்கு வெளியே வைத்துச் சுத்தம் செய்யுங்கள். படுக்கையறையில் வைத்தால் ஆண் பூச்சிகள் எப்படியும் உங்களைத் தூங்க விடப்போவதில்லை.